அறைக்காற்றில் நலமாக உள்ளார்

பெரிய அரசு மருத்துவமனைகளில் கைதிகளுக்கென்று தனி வார்டு இருக்கும். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா சிறைக்குப் போகும்வரை எனக்கு அது தெரியாது. எலும்பு முறிவு வார்டைத் தாண்டி, தாழ்வாரத்தின் கோடியில் ஒரு கம்பிக் கதவு. அதற்குள் ஒரு மேசை, மேசைமேல் பதிவேடு, பதிவேட்டின்மேல் ஒரு போலீஸ் தொப்பி. உள்ளே மற்ற வார்டுகளில் இருப்பதுபோலவே கட்டில்கள், பச்சை விரிப்புகள், பினாயில் வாசனை. கூடுதலாக, கட்டில் கால்களில் சங்கிலி.

கதவுக்கு வெளியே ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. ஒருவர் ஒருவராகத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் மற்றவர்கள் அதில் காத்திருப்போம். அங்கே உட்கார்ந்திருந்த எவருக்கும் அடுத்து யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொண்டபோது அப்பாவிடம் நேரம் அதிகம் மிச்சமில்லை. அந்தப் பெஞ்சில் இப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்பா நிரபராதி இல்லை.

மல்காஜ்கிரியில் எங்கள் வீடு ஆறு குடும்பங்கள் இருக்கும் சின்ன அபார்ட்மென்டில் முதல் மாடி. எங்களுக்கு நேர் கீழே ரமணா ராவ் அங்கிளும் பத்மா ஆன்ட்டியும். அங்கிள் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். அது கீழே சம்ப் என்ற நிலத்தடித் தொட்டியில் நிறைந்ததும் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுவது கீழ்வீட்டுக்காரர் பொறுப்பு. அப்பா ஒரு பெரிய அரசு ஆலையின் வார்ப்படப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர். மோட்டாரை எப்படி ஓட்ட வேண்டும் என்பதில் அவருக்குத் தீர்மானமான கருத்து உண்டு. கருத்தைவிடக் கோபம் அதிகம் உண்டு. ஒரு கோடைக் காலையில் மோட்டார் அறை வாசலில் பேச்சு முற்றியது. கையில் வைத்திருந்த பைப் ரெஞ்சால் அப்பா அங்கிளை அடித்தார். அங்கிள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கண் திறக்காமலே கிடந்து இறந்துபோனார்.

ஒரே ஒரு அடி என்று எங்கள் வக்கீல் நீதிமன்றத்தில் பலமுறை சொன்னார். ஒரு அடியே போதுமானதாக இருந்தது. கொல்லும் எண்ணம் இல்லை என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டு ஏழு வருடம் கொடுத்தார். அப்பாவுக்கு அப்போது எழுபது வயது. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தோம். அது வரிசையில் எங்கோ இருந்தது.

அம்மாவும் நானும் அதே வீட்டில்தான் இருந்தோம். விற்கப் பார்த்தோம், கதை தெரிந்த தெருவில் யாரும் வாங்க வரவில்லை. கீழே, பத்மா ஆன்ட்டி தனியாக. படியில் எதிர்ப்பட்டால் இரண்டு பக்கமும் சுவரோடு ஒதுங்கிக்கொள்வோம். பேச்சு கிடையாது. அங்கிள் போனபிறகு மோட்டாரை ஆன்ட்டிதான் போட்டார். அத்தனை காலத்தில் எங்கள் வீட்டுக் குழாய் ஒருநாள்கூடக் காயவில்லை. அதைப் பற்றி அம்மாவும் நானும் எங்களுக்குள் பேசிக்கொண்டதில்லை.

மென்பொருள்களுக்குச் சுமைச் சோதனை செய்வது என் வேலை. ஒரு செயலியைப் பத்துப் பேர் பயன்படுத்தும்போது நன்றாகத்தான் ஓடும். பத்தாயிரம் பேர் வந்தால் எங்கே உடைகிறது என்று பார்ப்போம். அந்தப் பழக்கத்தால்தான் அப்பாவின் நோய் எனக்கு முதலில் தெரிந்தது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை முலாகாத்தில், அதாவது சிறையில் கைதியைப் பார்க்கும் நேரத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனில் பேசுவார். நீளமாகப் பேசுகிறவர், வாக்கியங்களைச் சின்னதாக்கிக்கொண்டார். "பால்கனிக்கு வலை போட்டாச்சா?" என்று எப்போதும் ஒரே மூச்சில் கேட்பவர், "பால்கனிக்கு" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "வலை?" என்றார். புறாத் தொல்லைக்கு வலை அடிப்பது அவர் பாதியில் விட்டுப்போன வேலை. வீட்டுக்கு வந்து முடிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சிறை மருத்துவர் நல்லவர். அவரிடம் ஸ்டெதஸ்கோப் இருந்தது, ஸ்கேன் இல்லை. இருமல் மருந்து கொடுத்தார். ஆஸ்துமாவோ என்று வாயால் உறிஞ்சும் மருந்து கொடுத்தார். எந்த மருந்துக்கும் இருமல் கேட்காமல் போனபோது பெரிய மருத்துவமனைக்கு எழுதினார். எழுதிய பிறகும் காவலுக்கு ஆள் கிடைக்க வேண்டும். நோயாளி தயாராக இருப்பார், வண்டி தயாராக இருக்கும், போலீஸ்காரர்கள் ஏதாவது ஊர்வலப் பந்தோபஸ்துக்குப் போயிருப்பார்கள். மற்றவர்களின் ஸ்கேன் தேதியை டாக்டர் தீர்மானிக்கிறார் என்றால், கைதியின் ஸ்கேன் தேதியை விநாயகர் சதுர்த்தியும் மொஹரமும் தீர்மானிக்கும்.

கடைசியில் ஸ்கேன் அறை வரிசையில் அப்பாவைச் சக்கர நாற்காலியில் பார்த்தேன். வெள்ளைச் சிறை உடை, கையில் விலங்கு, விலங்கின்மேல் ஒரு துண்டு. துண்டைப் போட்டது யாதகிரி என்ற ஹெட் கான்ஸ்டபிள். தெலங்கானாக்காரர், தொந்தி வைத்தவர். தெலுங்கையும் உருதுவையும் கலந்து அடிப்பார். அப்பாவை "பெத்தாயனா" என்பார். பெரியவரே என்று அர்த்தம். வரிசையில் நின்ற பெண்கள் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். ஒருவர் யாதகிரியிடம் குனிந்து, கிழவர் என்ன செய்தார் என்று கேட்டார். யாதகிரி சலிக்காமல், பேங்க்கையே மொட்டையடித்தவர், கோடிக்கணக்கில், என்றார். கேட்டவர் மரியாதையோடு நகர்ந்து இடம் விட்டார். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி நீண்டது.

"நக்கோ பெத்தாயனா, சிரிக்காதீங்க," என்றார் யாதகிரி. "நிஜத்தச் சொன்னா இடம் கிடைக்காது."

நோயின் பெயர் நுரையீரல் நார்த்திசு நோய். அதை எனக்குப் புரியவைத்தவர் நெஞ்சக நோய்ப் பிரிவின் இளம் டாக்டர் நஸ்ரீன். நல்ல நுரையீரல் குளியல் பஞ்சு மாதிரி அமுங்கி விரியும். அப்பாவுடையது அடிப்பாகத்தில் காய்ந்த பீர்க்கங்கூடு போல இறுகிவிட்டது. காற்று உள்ளே போகிறது. ஆனால் அதிலிருக்கும் ஆக்சிஜன் அந்தத் தடித்த சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர முடியவில்லை. எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். வார்ப்பட மணலாக இருக்கலாம், பால்கனிப் புறாக்களாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் வரலாம். இறுகியது இறுகியதுதான், திரும்பாது. மாத்திரை, இறுகும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். அவர் என் கண்ணைப் பார்த்து, வருடங்களில் எண்ண வேண்டாம் என்றார்.

இந்த நோயில் ஒரு வஞ்சகம் உண்டு, பெஞ்சில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். விரலில் மாட்டும் கருவி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் நலம். அப்பா அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அது தொண்ணூற்றிரண்டு, மூன்று காட்டும். முகத்தில் ஒன்றும் தெரியாது. எழுந்து கழிப்பறைவரை நடந்தால் எண்பதுக்குக் கீழே விழும். சுமை இல்லாமல் சோதித்தால் எந்த எந்திரமும் தேறிவிடும் என்பது என் தொழிலின் முதல் பாடம்.

சிறைக்குள் என்ன நடந்தது என்று பிற்பாடு யாதகிரி சொல்லித்தான் தெரியும். சாப்பாட்டு வரிசையில் அப்பாவால் நிற்க முடியவில்லை. அதே பாரக்கில், அதாவது கைதிகள் கூட்டமாகத் தங்கும் கூடத்தில், இருந்தவர்கள் முறை போட்டுத் தட்டு வாங்கி வந்தார்கள். கழிப்பறைப் படியில் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். காலையில் தலை எண்ணும்போது இருவர் இரண்டு பக்கமும் தோளைக் கொடுத்து நிறுத்தினார்கள். சிறை என்பது தண்டனையை அனுபவித்து முடிக்கத் தெம்புள்ள உடம்புக்காகக் கட்டப்பட்டது. அப்பாவின் தண்டனையில் பாதியை மற்ற கைதிகள் சுமந்தார்கள்.

வக்கீல், மருத்துவக் காரணத்துக்காகத் தண்டனையை நிறுத்திவைக்கும்படி மனு போட்டார். விடுதலை என்று நாம் சொல்கிறோம். சட்டத்தில் அது கொஞ்ச காலத்துக்குத் தள்ளிவைப்பது மட்டும்தான். நீதிமன்றம், மருத்துவர் குழு ஒன்று அப்பாவைப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றது. மூன்று பெரிய டாக்டர்கள். தேதி கிடைத்தது. வீட்டில் விளக்கேற்றி அம்மா வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இனி நடந்ததைப் புரிந்துகொள்ள எங்கள் குடும்பத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் ராமச்சந்திராபுரத்தில் ஆலைக் குடியிருப்பில் வளர்ந்தவள். மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளை எங்கள் வீட்டில் இன்ஸ்பெக்‌ஷன் டே என்போம். அன்றைக்கு அப்பா இரண்டு முறை சவரம் செய்துகொள்வார். அம்மா சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்ப்பாள். எந்த அதிகாரி எதைக் கேட்டாலும் எழுந்து நின்று, "ஆல் ஓகே சார்" என்பதுதான் பதில். பிரிவில் கிரேன் உடைந்து கிடந்தாலும் முதல் பதில் அதுதான். கிரேன் சமாச்சாரம் பிறகு. அதிகாரி முன்னால் கசங்கி நிற்பது எங்களுக்கு அவமானம். அப்படித்தான் நான் பள்ளிக்கும் போனேன், வேலைக்கும் போனேன்.

குழு பார்க்கும் நாளன்று அம்மா இளநீலச் சட்டையைத் தேய்த்து, மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டுவந்தாள். நான் மின்சார ரேசர் வைத்து அப்பாவுக்கு முகம் மழித்தேன். யாதகிரி சிறை உடைக்குப் பதில் சட்டையைப் போட அனுமதித்ததோடு, தன் சீப்பையும் கொடுத்தார். அப்பாவின் முகம் பளிச்சென்று ஆனது. அறைக்குள் போகுமுன் நான் சொன்னதும் நினைவிருக்கிறது. கேட்பதற்குத் தெளிவாகப் பதில் சொல்லுங்கள், உளறாதீர்கள் என்றேன். அலுவலக நேர்காணலுக்குப் போகிறவரிடம் சொல்வதுபோல.

எங்களை உள்ளே விடவில்லை. கதவு பாதி திறந்திருந்தது. அம்மாவும் நானும் வெளியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று டாக்டர்களும் உள்ளே நுழைந்ததும், சக்கர நாற்காலியில் இருந்த அப்பா மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயைக் கழற்றினார். தொப்பியை எடுப்பதுபோல எடுத்து, மடியில் வைத்தார். கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"குட் மார்னிங் சார்."

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

"ஆல் ஓகே சார்."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். பெருமையில்தான் பிடித்தாள் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தக் கணத்தில் அதுதான் இருந்தது. அப்பா பழைய அப்பாவாக இருந்தார். விரலில் கருவி மாட்டினார்கள். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள். ஊர், வேலை, வயது கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் சின்னச் சின்னதாக, தெளிவாகப் பதில் சொன்னார். நடக்கச் சொல்லவில்லை. அவர்களுக்கு அன்று இன்னும் பல கைதிகள் இருந்தார்கள். வெளியே வந்ததும் அப்பா குழாயை மாட்டிக்கொள்ளத் தடுமாறினார். உதடு நீலமாக இருந்தது. "நல்லா பண்ணேனா?" என்றார் என்னிடம்.

அறிக்கையில் ஒரு வரி: நோயாளி நினைவுத் தெளிவுடன், அறைக்காற்றில் நலமாக உள்ளார், பிறர் உதவியின்றி எழுந்து நிற்கிறார். அறைக்காற்றில் என்றால், கூடுதல் ஆக்சிஜன் இல்லாமல் என்று பொருள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தேவையான சிகிச்சை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது, கைதி படுத்த படுக்கையாக இல்லை என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. வக்கீல் தீர்ப்பைப் படித்துக்காட்டியபோது அம்மா கேட்டாள், "சட்டை தேச்சது தப்பாடி?"



அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பா சிறைக்கும் வார்டுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார். எடை குறைந்தது. விலங்கு பெரிதாகிவிட்டது, கழற்றாமலே கையை உருவிக்கொள்ள முடிந்தது. யாதகிரி பார்த்துவிட்டு, ஓடிப்போக இதுதான் சமயம் பெத்தாயனா, கேட்வரைக்கும் நான் வேணா வண்டி தள்றேன் என்றார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து எதிர்த்தரப்பின் வாதங்களை எழுதிப் பார்த்தேன். வேலையில் எதையும் அப்படித்தான் யோசிப்பேன். முதலாவது, இப்படி விட ஆரம்பித்தால் செல்வாக்குள்ளவர்கள் தீர்ப்பு வந்த அன்றே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். உண்மை. ஆனால் அவர்களுக்கு நல்ல வக்கீலும் நல்ல டாக்டரும் எப்படியும் கிடைக்கிறார்கள். கடுமையான சோதனையில் மாட்டுவது, ஆல் ஓகே சார் என்று சொல்லும் ஆள்தான். இரண்டாவது, வெளியே போய் மறுபடி ஏதாவது செய்தால்? அப்பாவால் ரெஞ்சைத் தூக்க முடியாது, டம்ளரையே இரண்டு கையால் பிடித்தார். மூன்றாவதை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரமணா ராவ் அங்கிளை யார் உயிரோடு விட்டார்கள்? அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. பதில் இல்லை என்பதற்காக அப்பாவைச் சங்கிலியோடு சாகவிட எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். மகள் என்பதால் அப்படியா என்று கேட்டால், ஆமாம். பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவர்களுக்கும் அதையே சொல்வேனா என்று பலநாள் யோசித்து, சொல்வேன் என்று முடிவுக்கு வந்தேன். ஒருவர் என்ன செய்தார் என்பதற்கு நீதிபதி ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார். மூச்சுத் திணறல் அந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாம் மனுவை டாக்டர் நஸ்ரீன் சொல்லிக்கொடுத்தபடி எழுதினோம். ஆறு நிமிட நடைச் சோதனை செய்ய வேண்டும் என்று கேட்டோம். ஒருவரைச் சமதரையில் நடக்கவிட்டு, விரல் கருவி என்ன காட்டுகிறது, எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது; செலவே இல்லாத சோதனை. இம்முறை நீதிமன்றம் போலீஸ் அறிக்கையும் கேட்டது. கைதி எந்த விலாசத்தில் தங்குவார், இறந்தவரின் குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா?

விலாசம் எங்கள் வீடுதான். வேறு என்ன எழுதுவோம்?

போலீஸ் வந்துபோன மறுநாள், நான் அலுவலகத்துக்கு இறங்கும்போது பத்மா ஆன்ட்டி படியடியில் நின்றிருந்தார். ஒதுங்கவில்லை. எனக்காகத்தான் நிற்கிறார் என்று புரிந்தது. அங்கிள் இறந்தபிறகு அவர் என்னிடம் முதன்முறையாகப் பேசியது அன்றுதான். அவர் பேசியது தெலுங்கில். என் தமிழில் எழுதுகிறேன்.

"உங்கப்பாவுக்கு மூச்சு வரலையாமே?"

"ஆமா ஆன்ட்டி."

"அவர் சாகணும்னு நான் வேண்டிக்கல. வேண்டிக்கத் தோணின நாள் இருந்தது. வேண்டிக்கல." படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரியில என்னைக் கண்ணாடிக்கு வெளியிலயே நிக்க வெச்சாங்க, ரெண்டு நாளும். கையத் தொட விடல. உங்கம்மாவுக்கு அப்படி வேண்டாம். ஆட்சேபணை இல்லைன்னு போலீஸ்காரன்கிட்டச் சொல்லிட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"ஆனா இங்க கொண்டுவராத, வித்யா. அவர் இருமுறது மேலேருந்து எனக்குக் கேக்கும். நான் எங்க போவேன்? எனக்கு வேற வீடு இல்ல."

அன்று வார்டில் அப்பாவிடம் சொன்னேன்.  பால்கனி, தன் கட்டில், பாதி அடித்த வலை, எல்லாவற்றையும் அவர் மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துவைப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "அந்தம்மா சொல்றது சரிதாம்மா," என்றார். "அந்த மோட்டார் ரூம் வாசல... எப்படித் தாண்டுவேன்."

ராமச்சந்திராபுரத்தில் ஒரு தரைத்தள வீட்டை வாடகைக்குப் பிடித்து விலாசத்தை மாற்றினோம்.

இரண்டாம் குழுவின் நாள் வந்தது. அம்மா எதையும் தேய்க்கவில்லை. பேருந்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள். "பிச்சைக்காரன் மாதிரி நிக்க வைக்கப்போறோமே அவர." அப்பாவிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். குழாயை நீங்களாகக் கழற்றக் கூடாது. எழுந்து நிற்கக் கூடாது. நன்றாக இருக்கிறேன் என்று சொல்லக் கூடாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "பெரிய டாக்டர் வரும்போது உக்காந்தே இருந்தா என்னம்மா நினைப்பார்?" என்று கேட்டார்.

இம்முறை தாழ்வாரத்திலேயே சோதனை. டாக்டர் நஸ்ரீன் குழாயைக் கழற்றி, விரலில் கருவியை மாட்டினார். யாதகிரி விலங்கை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நின்றார். மூன்று டாக்டர்களும் சுவரோரம். நடங்கள் என்றார்கள்.

அப்பா நடந்தார். நல்ல பேர் வாங்க வேண்டும் என்பதற்காக வேகமாக நடந்தார். தாடியோடு, வெள்ளைச் சிறை உடையில், தோளை நிமிர்த்தி. முதல் தூண்வரை சரியாகப் போனார். இரண்டாவது தூணில் கை சுவரைத் தேடியது. டாக்டர் நஸ்ரீன் எண்ணைச் சத்தமாகப் படித்தார், எண்பத்தொன்று, எழுபத்தாறு. நிறுத்தலாம் என்றார். அப்பா தலையசைத்து மறுத்து, இன்னொரு அடி வைத்தார். யாதகிரி நாற்காலியை முழங்காலுக்குப் பின்னால் தள்ளி உட்காரவைத்தார்.

மூச்சு திரும்பியதும் அப்பா முதலில் பேசியது பெரிய டாக்டரிடம். "ஸாரி சார். முடிக்க முடியல."

அந்த டாக்டர் குனிந்து அப்பாவின் தோளைத் தட்டினார். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஃபெயிலாம்மா?"

"பாஸ், அப்பா," என்றேன்.

நீதிமன்றம் தண்டனையை மூன்று மாதத்துக்கு நிறுத்திவைத்தது. உத்தரவு சிறைக்கு வந்து சேர்ந்த நாளில் யாதகிரிக்கு வேலை வேறு இடத்தில். ஆனாலும் கேட்டுக்கு வந்திருந்தார். சீப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் பெத்தாயனா என்றார். மௌலா அலி வழியாக வண்டி வரும்போது அப்பா குன்றின் மேலிருக்கும் தர்காவையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். மல்காஜ்கிரிக்குத் திரும்பும் சாலை வந்தது. வண்டி நேரே போனது. 

வாடகை வீட்டில் ஆக்சிஜன் எந்திரம் நாள் முழுக்க முனகிக்கொண்டிருக்கும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று இன்வெர்ட்டர், ஒரு சிலிண்டர், மாற்றுக் குழாய் என்று நான் ஏற்பாடு செய்துவைத்தேன். நோய் முற்றியபின் மூச்சுத் தவிப்பைக் குறைக்க மார்ஃபின் மிகக் குறைந்த அளவில் தருவார்கள். அது தூங்கவைத்துக் கொன்றுவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். டாக்டர் சொன்ன அளவில் கொடுங்கள். அப்பாவின் முகத்தில் இருந்த இறுக்கம் அதற்குப் பிறகுதான் தளர்ந்தது.

நிபந்தனைப்படி உள்ளூர் ஸ்டேஷனில் இருந்து வாரம் ஒருவர் வந்து கைதி வீட்டில் இருக்கிறாரா என்று பார்ப்பார். பூட்ஸ் சத்தம் கேட்டதும் அப்பாவின் கை மூக்குக் குழாய்க்குப் போகும். அம்மா அந்தக் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்குவாள். "இருக்கட்டுங்க. அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்." வந்தவர் வாசலிலேயே நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். கடைசி முறை வந்தபோது அப்பாவின் கை குழாய்க்குப் போகவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

காலையில் ஆலை பஸ்கள் தெருமுனையைத் தாண்டும். கண்ணை மூடிக்கொண்டே, "ஜெனரல் ஷிஃப்ட்," என்பார். பால்கனியைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "அங்க தண்ணி ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். யார் மோட்டார் போடுகிறார்கள் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று மாதமும் தேவைப்படவில்லை. ஒரு மதியம், அம்மா அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூச்சுகளுக்கு இடையில் இடைவெளி நீண்டுகொண்டே போனது. அம்மா கீரையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு இடைவெளி முடியவில்லை. அம்மா கையை விடாமலே மற்றக் கையால் என்னைக் கூப்பிட்டாள். எந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் காலில் சங்கிலி இல்லை. இதை எழுதும்போதும் அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

மல்காஜ்கிரிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வாடகை வீட்டில் இருந்தே எடுத்தோம். காரியமெல்லாம் முடிந்து, வாடகை வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு, அம்மாவும் நானும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய காலை, தண்ணீர் வரும் நாள். மோட்டார் அறைக் கதவு திறந்திருந்தது. பத்மா ஆன்ட்டி சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு படியேறிவிட்டாள். நான் பைகளோடு நின்றேன்.

"கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்.

எந்தப் பதிலை எதிர்பார்த்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. நடந்ததைச் சொன்னேன்.

"கடைசியில இல்ல ஆன்ட்டி. அம்மா கையப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க."

"கையப் பிடிச்சுக்கிட்டு," என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். பார்வை என்மேல் இல்லை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

நான் மேலே போனபோது எங்கள் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.